மிதித்தால் இறங்கும் பெடல்: ஒரு காற்றுக்குமிழியைத் தேடிய கதை

போன ஐப்பசி மழையில், சிங்காநல்லூர் சிக்னலில், அப்பா ஓட்டிக்கொண்டிருந்த கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முன்னால் சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பையன். அப்பா பிரேக்கை மிதித்தார், பெடல் பாதி தூரம் சும்மா இறங்கியது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தார். நின்றது. சைக்கிளின் பின் மட்கார்டுக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு தடவை மிதிச்சா நிக்குது கண்ணு. பழகிக்கலாம் விடு" என்றார் அப்பா.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அந்த பிரேக்கை மூன்று வாரம் முன்புதான் மாற்றியிருந்தோம். மாற்றச் சொல்லி அடம்பிடித்தது நான்.

வண்டி அப்பா 1987-ல் வாங்கியது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒருமுறை லைனிங் கருகும் வாடை வந்தது. பெடலும் கீழே போனது. பின் சீட்டில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன்: முன்பக்கம் டிஸ்க் போட்டுவிட வேண்டும். வேறொரு மாடலின் கேலிப்பர், அதற்கேற்ற பிராக்கெட், புது டிஸ்க், இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் வாங்கி, பழைய வண்டிகளில் கைதேர்ந்த ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டினோம். அவரும் சிரத்தையாகத்தான் செய்தார். ஆனால் பெடல் மட்டும் பஞ்சு மாதிரி இருந்தது.

பி.ஈ. மெக்கானிக்கல் படித்துவிட்டு 20 வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்த அமைப்பு எப்படி உருவானது என்று பின்னோக்கிப் படிப்பது என் பழக்கம். இந்த பிரேக்கிலும் அதையே செய்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இன்றைக்கு என் வண்டியில் வரக்கூடிய ஒவ்வொரு கோளாறும் 100 வருஷத்துக்குள் யாரோ ஒருவரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

தோல் கிண்ணத்தில் தொடங்கிய கதை

மூடிய திரவத்தின் ஒரு இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும். பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி என்று படித்தோமே, அதுதான். பாஸ்கல் இறந்தபிறகு, 1663-ல் இது அச்சில் வந்தது. அதைக் காசாக்கக்கூடிய எந்திரமாக மாற்றியவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா. அவருடைய ஹைட்ராலிக் பிரஸ் காப்புரிமை 1795-ல் பதிவானது.

பிராமாவுக்கு வந்த தலைவலி கசிவு. அழுத்தம் கூடக்கூட பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சும். இறுக்கமாக அடைத்தால் பிஸ்டன் நகராது. அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லியின் பெயரில் சொல்லப்படும் தீர்வு ஒரு தோல் கிண்ணம். கிண்ணத்தின் வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்கும். அழுத்தம் ஏறினால் கிண்ணத்தின் உதடு தானாகவே சுவரோடு ஒட்டிக்கொள்ளும், இறங்கினால் தளரும். அதாவது எதிரியின் பலத்தை வைத்தே எதிரியைத் தடுக்கிற ஏற்பாடு. இன்றைக்கும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கப் அந்தக் கிண்ணத்தின் பேரன்தான்.

இதை காருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். 1917-ல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். விமானக் கம்பெனியால் பெயர் பெற்ற ஆலன் லாக்ஹீட் இவருடைய தம்பி. 1921-ல் டியூசன்பர்க் மாடல் ஏ, நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு சாலைக்கு வந்தது. அதே வருஷம் பிரான்சின் லே மான்ஸ் ஊரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி ஓட்டிய டியூசன்பர்க் ஜெயித்தது. அதிலும் ஹைட்ராலிக் பிரேக்தான். லே மான்ஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

ஆரம்பகால லாக்ஹீட் பிரேக்கில் அடைப்புக்குத் தோல்தான் இருந்தது. தோல் காயும், சுருங்கும், கசியும். 1924-ல் வந்த கிறைஸ்லர் காருக்காக அந்தக் கம்பெனியின் பொறியாளர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பர் கப்புகளைப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஹைட்ராலிக் பிரேக் சாதாரண மக்கள் நம்பி வாங்கும் பொருளானது.

எல்லாரும் நம்பவில்லை. ஹென்றி ஃபோர்டு 1939 வரை தன் கார்களில் கம்பியும் தண்டும் வைத்த மெக்கானிக்கல் பிரேக்கையே போட்டார். பெடலிலிருந்து சக்கரம் வரை இரும்பு என்று விளம்பரமும் செய்தார்கள். பிடிவாதக்காரக் கிழவர் என்று நானும் முதலில் சிரித்தேன். சிங்காநல்லூர் சிக்னலுக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. இரும்புத் தண்டு அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். குழாய்க்குள் இருக்கும் திரவத்தில் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்? அதிலும் ஒரே சர்க்யூட் என்றால் ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு, கைபிரேக்தான் கதி. அமெரிக்கக் கார்களில் இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் பொதுவழக்கமானது 1967-ல். ஃபோர்டின் பயத்துக்கு முழு பதில் கிடைக்க அவ்வளவு நாள் ஆனது.

நாலு வகை "சாஃப்ட்"

சரி, வண்டிக்கு வருவோம். பெடல் சாஃப்டாக இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது ஒரே நோய் இல்லை. காய்ச்சல் மாதிரி, கீழே நாலு காரணம் இருக்கலாம்.

ஒன்று: மிதித்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போவது. இது கசிவு. வெளியே சொட்டாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது என்று அர்த்தம். பிராமாவின் பழைய தலைவலி.

இரண்டு: பெடல் நீளமாக இறங்கும், ஆனால் இறங்கிய இடத்தில் கல் மாதிரி நிற்கும். இது இடைவெளி அதிகமான கோளாறு. பின் டிரம்மில் ஷூ சரியாக அட்ஜஸ்ட் ஆகாமல் இருக்கலாம், டிஸ்க் கோணலாகச் சுற்றி பேடைத் தள்ளிவிட்டிருக்கலாம்.

மூன்று: காலையில் நன்றாக இருக்கும், மலை இறங்கினால் மட்டும் பெடல் காணாமல் போகும். இது சூடு. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும். கோத்தகிரியில் எங்களுக்கு நடந்தது இதுதான். டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அது விரிந்தால் பேடை நோக்கித்தான் தடிக்கும். ஆனால் ஆயில் கொதித்துவிட்டால் டிஸ்க்கும் காப்பாற்றாது.

நான்கு: எப்போது மிதித்தாலும் ஸ்பிரிங் மாதிரி, பலூன் மாதிரி இருப்பது. மடமடவென்று இரண்டு மூன்று தடவை அடித்தால் மேலே வருவது. இது பெரும்பாலும் காற்று.

எங்களுடையது நான்காவது. பின் ஷூவை அட்ஜஸ்ட் செய்து பார்த்தோம், ஒரு விரற்கடை மாறியது. பெடலை 1 நிமிஷம் பிடித்துப் பார்த்தேன், இறங்கவில்லை. ஆகவே காற்று. மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். திரும்பத் திரும்ப பிளீடிங் செய்தார். நான் உள்ளே உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க, அவர் நிப்பிளைத் திறந்து மூடினார். அரை லிட்டருக்கு மேல் ஆயில் போனது.

"சார், ஒரு குமிழிகூட வரலைங்க. காத்து சுத்தமா இல்லைங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. குழாயில் நானே பார்த்தேன், கண்ணாடி மாதிரி ஆயில். ஆனால் பெடல் பஞ்சு.

1952: ஜாகுவார்காரர்களுக்கும் இதே பிரச்சினை

டிஸ்க் பிரேக் யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதை காரில் நம்பகமாக ஓடவைத்த பெருமையில் பெரும்பங்கு டன்லப்புக்கும் ஜாகுவாருக்கும் உரியது. அவர்கள் செய்ததும் நாங்கள் செய்ததும் ஒரே வேலைதான்: டிரம்முக்காக வடிவமைத்த காரில் டிஸ்க்கை மாட்டுவது. ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் சி-டைப் காரில் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டி இதைப் பழக்கினார்.

வந்த தொல்லைகள் எல்லாம் பெடலில்தான் வந்தன. டிஸ்க்கில் பிஸ்டன் சூடான பேடுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருப்பதால் சூடு நேராக ஆயிலுக்கு ஏறி அது கொதித்தது. வளைவில் வீல் ஹப் லேசாக வளைய, டிஸ்க் சாய்ந்து பேடுகளைப் பின்னுக்குத் தள்ளியது. அடுத்த முறை மிதிக்கும்போது அந்த இடைவெளியை நிரப்புவதற்குள் பெடல் தரைக்குப் போய்விடும். டிரம்மில் ஷூவை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் உண்டு, எங்கே நிற்கும் என்று தெரியும். டிஸ்க்கில் பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுப்பது ரப்பர் சீலின் முறுக்கல் மட்டும்தான். இடைவெளி எவ்வளவு சின்னதோ, அவ்வளவு எளிதாக அது கெடும். இன்றைக்கும் பந்தய ஓட்டுநர்கள் வளைவுக்கு முன்னால் நேர்ச் சாலையிலேயே பெடலை லேசாகத் தட்டிப் பார்ப்பது இதனால்தான்.

1952 மில்லே மிக்லியா பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் டூயிஸை அருகில் உட்காரவைத்து டிஸ்க் போட்ட சி-டைப்பை ஓட்டினார். ஸ்டியரிங் பழுதாகி வெளியேறினார்கள். அதே வருஷம் ரீம்ஸில் மாஸ் ஜெயித்தார். 1953-ல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஜோடி ஜெயித்தது. சராசரி வேகம் மணிக்கு 105.85 மைல், அதாவது 170 கிலோமீட்டர் சொச்சம். அந்தப் பந்தயத்தில் சராசரி 100 மைலைத் தாண்டியது அதுவே முதல்முறை. 32 வருஷம் முன்பு ஹைட்ராலிக் பிரேக் ஜெயித்த அதே ஊரில் டிஸ்க் பிரேக் ஜெயித்தது. 1955-ல் சிட்ரோயன் டிஎஸ் முன் டிஸ்க்கோடு கடைக்கு வந்தது.

நம் பக்கமும் ஒரு கிளை உண்டு. லூகாஸ், டிவிஎஸ் கூட்டில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சென்னை பாடியில் கிர்லிங் வகை பிரேக்குகளைச் செய்ய ஆரம்பித்தது. அப்பாவின் தலைமுறை ஓட்டிய எத்தனையோ வண்டிகளின் பிரேக் அங்கே செய்ததுதான்.

கணக்குப் போட்டதும், அந்தக் கணக்கே என்னை ஏமாற்றியதும்

இதெல்லாம் படித்த தைரியத்தில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். டிஸ்க் கேலிப்பரின் பிஸ்டன் பெரிது, அதற்கு அதிக ஆயில் தள்ள வேண்டும், எங்கள் மாஸ்டர் சிலிண்டர் சின்னது. அது முக்கால் இஞ்ச், 19.05 மில்லிமீட்டர் விட்டம், பரப்பு 285 சதுர மில்லிமீட்டர். இதை ஏழெட்டு இஞ்சாக (7/8), 22.2 மில்லிமீட்டராக மாற்றினால் பரப்பு 388. ஒவ்வொரு மிதிக்கும் 36% அதிக ஆயில்.

வாங்கி மாட்டினோம். பெடல் நன்றாக மேலே வந்தது! அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் அப்பா, "பிரேக் பிடிக்குது கண்ணு, ஆனா முழங்கால் வலிக்குது. முன்ன விட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கு" என்றார்.

பாஸ்கல் சும்மா விடுவாரா? பரப்பு 36% கூடினால் அதே அழுத்தம் வர கால் பலமும் 36% அதிகம் வேண்டும். பூஸ்டர் இல்லாத வண்டி, ஓட்டுகிறவருக்கு 74 வயது. நான் கோளாறைச் சரிசெய்யவில்லை, அதன் அறிகுறியை மறைத்து அதற்கான விலையை அப்பாவின் முழங்காலில் எழுதிவிட்டேன். சாஃப்ட்வேரில் டைம்-அவுட்டைக் கூட்டிவிட்டு பிழை போய்விட்டது என்று சொல்வோமே, அப்படி.

அப்போதுதான் உருப்படியான கணக்கைப் போட்டேன். ஆயில் அநேகமாக அமுங்காது. காற்று அமுங்கும். சாதாரண அழுத்தத்தில் 1 சிசி இருக்கும் குமிழி, 10 பார் அழுத்தத்திலேயே பத்தில் ஒரு பங்காகிவிடும். மீதி இடத்தை ஆயில் நிரப்ப வேண்டும். அதாவது 1 சிசி குமிழி கிட்டத்தட்ட 1 சிசி ஆயிலை விழுங்குகிறது. முக்கால் இஞ்ச் சிலிண்டரில் அதற்கு பிஸ்டன் 3.5 மில்லிமீட்டர் போக வேண்டும். பெடல் விகிதம் 4 என்றால் கால் 14 மில்லிமீட்டர் இறங்கும். எங்கள் பெடல் முதலில் 4 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆக வண்டிக்குள் சுமார் 3 சிசி காற்று ஒளிந்திருக்கிறது. ஒரு சின்ன ஸ்பூன் அளவு.

இரண்டு தடவை மிதித்தால் ஏன் நிற்கிறது என்பதும் இதில் புரிந்தது. காலை வேகமாக எடுக்கும்போது கேலிப்பரிலிருந்து ஆயில் திரும்பி வருவதற்குள் மாஸ்டர் பிஸ்டன் பின்னால் வந்துவிடும். டேங்கிலிருந்து கொஞ்சம் புது ஆயில் கப்பின் உதட்டைத் தாண்டி முன்னால் நுழையும். அடுத்த மிதி அந்த உபரியோடு ஆரம்பிக்கிறது. அப்பா சொன்ன "பழகிக்கலாம்" என்பதன் இயந்திரவியல் இதுதான். ஆனால் நிஜமான அவசரத்தில் இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது.

எல் என்று எழுதியிருந்தது

காற்று இருக்கிறது, நிப்பிள் வழியாக வரவில்லை. அப்படியென்றால் நிப்பிள் இருக்கும் இடத்தில் காற்று இல்லை. இதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோதே எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் குனிந்தேன்.

நிப்பிள் கேலிப்பரின் கீழ்ப்பக்கம் இருந்தது.

காற்று மேலேதானே ஏறும்! கேலிப்பரின் மேல் மூலையில் அது சௌகரியமாக உட்கார்ந்திருக்க, நாங்கள் கீழே இருந்து சுத்தமான ஆயிலை லிட்டர் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் சோதனை சரியாகத்தான் வேலை செய்தது. தப்பான இடத்தில் வேலை செய்தது.

மெக்கானிக் மேல் குற்றம் சொல்ல முடியாது. கேலிப்பரில் 'எல்' என்று வார்த்திருந்ததை இடது பக்கம் மாட்டினார், 'ஆர்' வலது பக்கம். ஆனால் அந்தக் கேலிப்பர் பிறந்த வண்டியில் அது அச்சுக்குப் பின்னால் உட்காரும். எங்கள் பிராக்கெட் அதை அச்சுக்கு முன்னால் உட்காரவைக்கிறது. சக்கரத்தைச் சுற்றி அரைவட்டம் போனால் தலை கீழாகிவிடும். முன்னால் மாட்டும்போது 'எல்' வலது பக்கம் போக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசாமல் பார்த்தார். "அட, ஆமாங்க சார்" என்றார். உறுதிசெய்ய, இடது கேலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு மரக்கட்டையைச் செருகி, நிப்பிள் மேலே வரும்படி தூக்கிப் பிடித்தோம். நான் மிதித்தேன், அவர் திறந்தார். குழாயில் பொளபொளவென்று குமிழி. அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

இரண்டு கேலிப்பரையும் பக்கம் மாற்றி மாட்டினோம், புது ஆயில் ஊற்றி முறையாக பிளீட் செய்தோம். ஆயில் விஷயத்தில் ஒரு வார்த்தை: இந்தக் கிளைக்கால் வகை ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்துக்கு புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், சுமார் 3.7% தண்ணீர் சேர்ந்தபின் 155. டாட் 3-க்கு அது 205, 140. வருஷக்கணக்கில் திறந்து கிடந்த பாட்டிலை ஊற்றிக்கொண்டு மலை இறங்காதீர்கள்.

அப்புறம் பழைய முக்கால் இஞ்ச் மாஸ்டர் சிலிண்டரையே திரும்பப் போட்டேன். ஏழெட்டு இஞ்ச் இப்போது என் மேசை மேல் பேப்பர் வெயிட். காசு போனது போனதுதான். பெடலின் வெட்டி இறக்கம் ஸ்கேல் வைத்து அளந்தேன், 1 சென்டிமீட்டருக்குள். இப்போது முதல் மிதியிலேயே கெட்டியாக நிற்கிறது.

அடுத்த ஞாயிறு அப்பாவை ஓட்டச் சொல்லி கோத்தகிரி போய் இறங்கி வந்தோம். பிள்ளைகளை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டேன், அடுத்த முறை கூட்டிப்போகலாம் என்று. கீழே இறங்கியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். இறங்கும்போது தன்னையறியாமல் பெடலை இரண்டு தடவை மிதித்தார்.

"அப்பா, இனிமே ஒரு தடவை போதுங்கப்பா" என்றேன்.

"தெரியுது கண்ணு. காலுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரலை" என்றார்.